தரையில உக்காந்தா எந்திரிக்க முடியல: அம்மாவோட மஞ்சப்பை எக்சர்சைஸ்

அம்மாவுக்கு 71 வயசு. தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போவாங்க, சுகரும் கன்ட்ரோல்ல இருக்கு, அதனால உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். போன தை மாசம் ஒரு காதுகுத்துல ஜமுக்காளத்துல உக்காந்தவங்களால எந்திரிக்க முடியல, கையை ஊனி முட்டியை ஊனி பாத்துட்டு கடைசியில ரெண்டு பேர் கக்கத்துல கை குடுத்து தூக்கினோம். சிரிச்சு சமாளிச்சாங்க, ஆனா அன்னிக்கு சரியா சாப்பிடல.

பிசியோதெரபிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போனோம், அவரு மெஷின் எதுவும் வைக்கல. கையை மார்புல கட்டிக்கிட்டு சேர்ல அஞ்சு தடவ எந்திரிச்சு உக்காரச் சொல்லி போன்ல டைம் பாத்தாரு. 19 செகண்ட். 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா சார்கோபீனியாவான்னு, அதாவது வயசாகி தசையும் பலமும் கொறையுற பிரச்சனையான்னு பாக்கணுமாம், ஆசியாக்காரங்களுக்குன்னு 2019ல வச்ச அளவு. வாக்கிங் நல்லதும்மா, ஆனா தொடைக்கு பாரம் குடுத்தாத்தான் தசை ஏறும்னாரு. யோசிச்சுப் பாத்தா ஆட்டுக்கல், அருவாமனை, இந்தியன் டாய்லெட்னு அம்மா குந்தி எந்திரிச்ச எல்லாத்தையும் வசதின்னு சொல்லி நாங்கதான் ஒவ்வொண்ணா எடுத்துட்டோம்.

அதே மாதிரி சேர்ல எந்திரிச்சு உக்கார்றதுதான் எக்சர்சைஸ். வீட்ல மொத நாளே சொதப்பல், பிளாஸ்டிக் சேர் மொசைக் தரையில வழுக்கி பின்னாடி போயிருச்சு, நல்லவேளை பக்கத்துல நின்னேன். இப்ப மரச்சேர், சுவத்தோட ஒட்டி. ரெண்டு வாரம் வெறுங்கையோட, அப்புறம் மஞ்சப்பையில ஒரு கிலோ அரிசிய போட்டு நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. பத்து தடவ ஈசியா வந்தா அரை கிலோ கூட்டணும். மூச்சப் புடிச்சா பிரஷர் ஏறும், அதனால சத்தமா எண்ணணும். வாரத்துல மூணு நாள்தான். இப்ப 4 கிலோ, 13 செகண்ட்.

*

எங்கப்பாவும் இதே கேஸ்தான் சார். எடை குறைஞ்சப்ப எல்லாரும் ஸ்லிம் ஆயிட்டீங்கன்னு பாராட்டுனாங்க, குறைஞ்சது தொப்பை இல்ல கால் சதைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ரெண்டு கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேத்து கெண்டைக்கால் தடிச்ச எடத்துல வளையம் போட்டுப் பாருங்க, இடைவெளி இருந்தா உஷாராகணும், ஜப்பான்ல இப்படித்தான் பாக்குறாங்களாம். சாப்பாடும் முக்கியம், மூணு இட்லி சாம்பார்ல புரோட்டீன் எங்க இருக்கு? உடம்பு எடையில கிலோவுக்கு தினம் 1 கிராமாவது வேணும்னு டயட்டீஷியன் சொன்னாங்க, 60 கிலோ ஆளுக்கு 60 கிராம், ஒரு முட்டையில 6 தான். கிட்னி பிரச்சனை இருந்தா டாக்டரக் கேக்காம ஏத்தாதீங்க.

*

நான் 66, ஜிம்முக்கே போறேன். ட்ரெய்னர் தம்பி மூணு மாசமா அதே ஒரு கிலோ டம்பல்தான், அங்கிள் பாத்து அங்கிள் பாத்துன்னு. 1990லயே பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல 90 வயசை ஒட்டுன பத்து பேருக்கு, அவங்களால ஒரே தடவ தூக்க முடிஞ்ச அதிகபட்ச எடையில 80 சதவீதம் வரைக்கும் குடுத்து, எட்டு வாரத்துல கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு. அந்தக் கட்டுரைய தம்பிக்கு அனுப்பினேன். தம்ஸ்அப் போட்டான், மறுநாள் ரெண்டு கிலோ எடுத்துக் குடுத்தான்.

*

முட்டை சொன்னவருக்கு: அம்மா சுத்த சைவம், சுண்டல், பாசிப்பயறு, தயிர்னுதான் ஓட்டுறோம். இப்ப புதுப் பிரச்சனை, பையில இருக்குற அரிசியில வண்டு வந்துருச்சு, மணலப் போட்டுக் குடுடான்னு உத்தரவு.