பழைய லேப்டாப், முதல் லினக்ஸ்: எந்த டிஸ்ட்ரோ போடுவது? வைஃபையும் தெரியவில்லை [தீர்ந்தது]

நத்தைவேகம்:
வணக்கம். கையில் 2015 மாடல் லேப்டாப் ஒன்று இருக்கிறது. இன்டெல் ஐ3 ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இப்போது விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இந்த பிராசஸர் ஆகாதாம்.

சரி, லினக்ஸுக்குப் போய்விடலாம் என்று தேடினால் அதில் டிஸ்ட்ரோ என்று பல வகைகள்: ஒருவர் உபுண்டு என்கிறார், ஒருவர் மின்ட் என்கிறார், இன்னொருவர் ஃபெடோரா தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார். எனக்குத் தேவை பிரௌசர், கடிதம், கணக்கு, கொஞ்சம் வீடியோ. தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்ய முடிய வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் நிறைய உள்ளன, அவையும் திறக்க வேண்டும். கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் டெர்மினலைத் தொட்டதே இல்லை. எதைப் போடட்டும்? விண்டோஸை வைத்துக்கொண்டே போடலாமா, அழித்துவிடலாமா?

வேர்முதல்:
ஆர்ச் போடுங்க ப்ரோ. ஒவ்வொன்றையும் நீங்களே கட்டி எழுப்பினால்தான் லினக்ஸ் புரியும். ரோலிங் ரிலீஸ் வேறு, பதிப்பு மாற்றுகிற வேலையே இல்லை.

தறிக்காரன்:
டெர்மினலைத் தொட்டதில்லை என்கிறவரிடம் ஆர்ச்சா! நீச்சல் கற்க வந்தவரை நடுக்கடலில் இறக்கிவிடுகிற மாதிரி இருக்கிறது. அடுத்த வருடம் அவரே விருப்பப்பட்டுப் போகட்டும்.

நத்தைவேகம், உங்களுக்கு லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

புதியவர்கள் டிஸ்ட்ரோ என்று நினைத்து ஒப்பிடுவது பெரும்பாலும் டெஸ்க்டாப்பைத்தான், அதாவது திரையில் தெரியும் மெனு, சாளரம் போன்ற தோற்றத்தை. உபுண்டுவும் மின்டும் ஒரே குடும்பம். மின்ட் 22 வரிசையே உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டதுதான், 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். உபுண்டுவின் க்னோம் டெஸ்க்டாப் 4 ஜிபி ரேமில் மூச்சு வாங்கும். மின்டின் சின்னமன் பார்க்க அழகு, பழகவும் எளிது. உங்கள் மெஷினில் அதுவும் ஓடும். ஆனால் நாலைந்து டேப் திறந்ததும் இழுக்கும். எக்ஸ்எஃப்சிஇ அவ்வளவு மினுக்காது, வேலை செய்யும். ஃபெடோராவில் குறை ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆதரவு. புது வன்பொருள் வைத்திருப்பவருக்கு அது நல்லது. பத்து வயது லேப்டாப்புக்கு அந்த ஓட்டம் எதற்கு?

இதைவிட முக்கியமானது ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு ஒரு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். எந்த டிஸ்ட்ரோவும் தராத வேகத்தை அது தரும். லேப்டாப் அனுமதித்தால் ரேமையும் 8 ஜிபி ஆக்குங்கள், ஏனென்றால் ரேமைத் தின்பது லினக்ஸ் இல்லை, பிரௌசர்.

எதையும் அழிக்கும் முன் பென்டிரைவிலிருந்து லைவாக, அதாவது நிறுவாமலே, ஓட்டிப் பாருங்கள். ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் மூலம் எழுத வேண்டும். பென்டிரைவில் இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் வெளியே எடுத்து வையுங்கள். இறக்கிய ஐஎஸ்ஓவின் ஷா256 என்ற சரிபார்ப்பு எண் தளத்தில் போட்டிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாதியில் கெட்டுப்போன ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இங்கே மாதம் ஒருவராவது வருகிறார்கள்.

லைவில் வைஃபை, ஒலி, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள், கேமரா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, இவ்வளவும் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். டிஸ்ட்ரோ சண்டையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மரகதப்புறா:
நானாக இருந்தால் டெபியன், எக்ஸ்எஃப்சிஇ உடன். 1993-இலிருந்து இருக்கிறது, உபுண்டுவுக்கே தாய் அதுதான். முன்பெல்லாம் வைஃபை கார்டு இயங்கத் தேவையான ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடி அலைய வேண்டும். 2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்து நிறுவல் கோப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

தறிக்காரன்:
டெபியன் மேல் எனக்கும் மரியாதை உண்டு அண்ணா. ஆனால் முதல் நாளில் ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) சிக்கல் கொடுத்தால் மின்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்து ஒரு புள்ளியை மாற்றினால் முடிந்தது. டெபியனில் எந்த ரெப்பாசிட்டரியை (மென்பொருள் களஞ்சியத்தை) இயக்குவது என்பதிலிருந்து பாடம் ஆரம்பிக்கும்.

நத்தைவேகம்:
மின்ட் எக்ஸ்எஃப்சிஇ லைவில் ஓட்டிப் பார்த்தேன். லேப்டாப் நிறுவனத்தின் பெயர் திரையில் வந்ததும் எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இருந்தேன், பூட் மெனு வந்தது. ஒலி நன்றாக இருக்கிறது. வெளிச்ச விசைகள், கேமரா, மூடித் திறப்பது எல்லாம் சரி.

வைஃபை மட்டும் இல்லை. சிக்னல் வீக் என்றெல்லாம் இல்லை, அந்தச் சின்னமே இல்லை. நெட்வொர்க்கைச் சொடுக்கினால் கேபிள் இணைப்புக்கான வரி மட்டும் வருகிறது. விண்டோஸில் இதே வைஃபை நன்றாக வேலை செய்கிறது. அப்படியானால் மின்ட் எனக்குச் சரிவராதா? உபுண்டு முயற்சி செய்யவா?

தறிக்காரன்:
பொறுங்கள், டிஸ்ட்ரோ மாற்ற வேண்டாம். லைவிலேயே மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறங்கள். நெட்வொர்க் என்ற பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே போடுங்கள்.

நத்தைவேகம்:
முதல் வரியில் ரியல்டெக் என்று ஒன்று, அது கேபிளுக்கானது போல. இரண்டாவது: பிராட்காம் பிசிஎம்43142. அதன் பக்கத்தில் டிரைவர் என்ற இடத்தில் என்/ஏ.

தறிக்காரன்:
நினைத்தேன். பிசிஎம்43142 பழைய வில்லன். அந்தக் காலத்து லேப்டாப்புகள் நிறையவற்றில் இது உட்கார்ந்திருக்கும்.

விஷயம் இதுதான். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கும், அதனால்தான் உங்கள் ஒலியும் கேமராவும் எதுவும் கேட்காமல் ஓடின. இந்தக் கார்டுக்கு பிராட்காம் கொடுத்திருப்பது மூலநிரலை முழுதாக வெளியிடாத மூடிய டிரைவர். அதைக் கெர்னலில் சேர்க்க முடியாது, தனிப் பொதியாகத்தான் வரும். உபுண்டு போட்டாலும் டெபியன் போட்டாலும் வேர்முதல் சொல்லும் ஆர்ச்சே போட்டாலும் உள்ளே இருப்பது இதே கார்டு, தேவைப்படுவதும் இதே டிரைவர். எது சுலபமாக அதைப் போட்டுத் தருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற முடிச்சை போன் அவிழ்க்கும். போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, ஹாட்ஸ்பாட் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். மின்ட் அதை கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். போன் வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் அதே வைஃபைதான் லேப்டாப்புக்கும் போகும், மொபைல் டேட்டா கரையாது. நிறுவி முடித்ததும் டிரைவர் மேனேஜரைத் திறங்கள், பிராட்காம் பெயர் இருக்கும், தேர்ந்தெடுத்து அப்ளை.

விண்டோஸை வைப்பதா அழிப்பதா என்று கேட்டிருந்தீர்கள். புது எஸ்எஸ்டி வாங்கினால் கேள்வியே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அப்படியே பத்திரமாக வையுங்கள், அதுவே உங்கள் பேக்கப்பும் ஆயிற்று.

நத்தைவேகம்:
எஸ்எஸ்டி போட்டாயிற்று. முழு டிஸ்க்கையும் மின்டுக்கே கொடுத்து நிறுவினேன். பார்ட்டிஷன் பிரிக்க வேண்டுமோ என்று பயந்தேன், அதுவே பார்த்துக்கொண்டது. ஆன் செய்தால் கை எடுப்பதற்குள் வந்து நிற்கிறது, நம்பவே முடியவில்லை.

போன் வழியாக இணையம் வந்தது. டிரைவர் மேனேஜரில் பிராட்காமைத் தேர்ந்தெடுத்தேன். நடுவில் செக்யூர் பூட் என்று ஏதோ சொல்லி ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னது, குறைந்தது 8 எழுத்து. வைத்தேன். மறுதொடக்கத்தின்போது ஒரு நீலத் திரை வந்தது, என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பதற்குள் அதுவே போய் மின்ட் வந்துவிட்டது. டிரைவர் மேனேஜரில் டிரைவர் தேர்வான நிலையில்தான் இருக்கிறது. வைஃபை மட்டும் இன்னும் வரவில்லை.

மரகதப்புறா:
அந்த நீலத் திரைதான் எல்லாமே. பத்து விநாடி எண்ணிவிட்டுப் போய்விடும், நிறையப் பேருக்கு இப்படித்தான் கைநழுவும்.

செக்யூர் பூட் ஆனில் இருந்தால் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. பிராட்காம் டிரைவர் உங்கள் கணினியிலேயே கம்பைல் ஆகி உருவாவதால், உங்கள் கணினியே ஒரு சாவி உருவாக்கி அதில் கையெழுத்துப் போடுகிறது. அந்தச் சாவியை நம்பலாம் என்று கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் மனிதர் கையால் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் எம்ஓகே என்ற அந்தத் திரை. ஒப்புக்கொள்ளாததால் டிரைவர் இருந்தும் ஏறவில்லை.

இரண்டு வழி. பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரைக்குள்) போய் செக்யூர் பூட்டை ஆஃப் செய்தால் கதை முடிந்தது. உங்கள் டிஸ்க்கில் விண்டோஸ் இல்லை, அதனால் அந்தப் பக்கத்துச் சிக்கலும் வராது. ஆனில்தான் வைக்க வேண்டும் என்றால் டெர்மினலில் மோக்யூடில் என்ற கருவியின் இம்போர்ட் கட்டளையால் அதே சாவியைத் திரும்பக் கொடுக்கலாம். ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும், அடுத்த முறை நீலத் திரை மறுபடி வரும். எண்ணிக்கை ஓடும்போதே ஏதாவது ஒரு விசையைத் தட்டிவிடுங்கள். என்ரோல் எம்ஓகே, அப்புறம் கன்டின்யூ, யெஸ், கடவுச்சொல், ரீபூட், இந்த வரிசை. அங்கே கீபோர்டு அமெரிக்க அமைப்பில் இருக்கும், ஆகவே கடவுச்சொல்லில் விசித்திரமான குறிகள் வேண்டாம். தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூட வராது, பதற வேண்டாம்.

நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பாதுகாப்பு ஒன்று ஏற்கனவே ஆனில் இருக்கும்போது வைஃபைக்காக அதை ஏன் அணைக்க வேண்டும்?

நத்தைவேகம்:
இரண்டாவது வழியில் போனேன். டெர்மினலையும் தொட்டாயிற்று! நீலத் திரையில் நீங்கள் சொன்ன வரிசை அப்படியே வந்தது. உள்ளே வந்ததும் சுற்றியிருக்கும் வைஃபை பெயர்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. இருவருக்கும் மிக்க நன்றி.

இனி தமிழ். கீபோர்டு அமைப்பில் தமிழ் என்று சில பெயர்கள் இருக்கின்றன, ஒன்றைச் சேர்த்தேன், ஆனால் தமிழ்99-இல் வழக்கமாகத் தானாக விழும் புள்ளி விழவில்லை.

தறிக்காரன்:
அது வெறும் விசைப்பலகை வரைபடம், ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி வைப்பது போன்ற புத்தியெல்லாம் உள்ளீட்டு மென்பொருளின் வேலை. சினாப்டிக் என்ற பொதி நிறுவியில் ஐபஸ் எம்17என் என்ற பொதியைத் தேடி நிறுவுங்கள். இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறித் திரும்ப உள்ளே வாருங்கள். ஐபஸ் விருப்பங்களில் தமிழ், அதில் தமிழ்99. பழகும் வரை ஃபொனெட்டிக்கையும் கூடவே சேர்த்துக்கொள்ளலாம். மாற்றுவதற்கு விண்டோஸ் சின்னம் போட்ட விசையும் ஸ்பேஸும்.

பாமினி கோப்புகள் லிபர் ஆபீஸில் திறக்கும், ஆனால் எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அது யூனிகோடு இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்திய பழைய ஏற்பாடு. பழைய டிஸ்க்கிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து இரட்டைச் சொடுக்கில் நிறுவினால் வாசிக்கலாம். ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள், யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்றிவையுங்கள். இல்லையென்றால் தேடலில் ஒரு சொல்கூட அகப்படாது.

இன்னொன்று, டைம்ஷிஃப்டைத் திறந்து, சிஸ்டத்தின் இப்போதைய நிலையைச் சேமித்து வைக்கும் முதல் ஸ்னாப்ஷாட்டை இன்றே எடுத்துவிடுங்கள். கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் பிராட்காம் டிரைவர் மறுபடி கம்பைல் ஆக வேண்டும், என்றாவது ஒருநாள் அது முரண்டு பிடிக்கும். அப்போது பூட் மெனுவில் முந்தைய கெர்னலுக்குத் திரும்பலாம், ஸ்னாப்ஷாட்டுக்கும் திரும்பலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தைத்தான் காக்கும். உங்கள் கடிதங்களும் படங்களும் அதில் சேராது, அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும்.

நத்தைவேகம்:
இந்தப் பதிவே மின்டிலிருந்து தமிழ்99-இல் தட்டியதுதான். தலைப்பில் தீர்ந்தது என்று மாற்றிவிடுகிறேன்.

இரட்டைமாடு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் விண்டோஸ் 11-உடன் மின்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். மின்டிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடுகிறது, எதையும் சேமிக்க முடியவில்லை. கடிகாரமும் ஒவ்வொரு முறையும் தப்பாகக் காட்டுகிறது.

மரகதப்புறா:
முதலாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது ஆனில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் போகும், அந்த நிலையில் உள்ள டிரைவில் எழுதினால் கெட்டுவிடும் என்று லினக்ஸ் ஒதுங்கிக்கொள்கிறது. விண்டோஸின் பவர் அமைப்பில் அதை அணைத்துவிட்டு ஒருமுறை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். கடிகாரக் கதை வேறு: விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் அங்கே இருப்பது யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸையும் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளச் சொன்னால் போதும், டைம்டேட்சிடிஎல் கருவியில் அதற்கு ஒரு கட்டளை உண்டு.

செக்யூர் பூட்டை மாற்றுகிற எண்ணம் இருந்தால் அதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸ் டிரைவைப் பூட்டி வைக்கும் வசதி) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு பயாஸுக்குள் போங்கள். வேறு ஏதாவது இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள், இது முடிந்த இழை, யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.