மறு: 'சைக்கடெலிக்': ஆவணப் பட்டியலுக்கு ஒரு சொல்

> 'போதைப்பொருள்' என்றே போட்டுவிடலாமே?

எல்எஸ்டி போல மனத்தின் உணர்வையும் காட்சியையும் மாற்றும் மருந்துகளைத்தான் 'சைக்கடெலிக்' என்கிறார்கள். அவற்றைப் 'போதைப்பொருள்' என்பது பேச்சுக்குச் சரி, நம் ஆவணப் பட்டியலுக்கு உதவாது. எல்எஸ்டியை ஆதரித்துப் பேசிய அமெரிக்க உளவியலாளர் டிமோதி லியரியின் கடிதங்களும் குறிப்புகளும் 2011இல் நியூயார்க் பொது நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. அதை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஸ்டானிஸ்லாவ் குரோஃபின் ஆவணங்கள் பர்டூ பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இவற்றைத் தேடி வருபவரை அந்தத் தலைப்பு அபினிக்குள் கொண்டுபோய்த் தள்ளிவிடும்.

'மாயத்தோற்றி'யும் வேண்டாம், அது ஹாலுசினோஜெனுக்கு, அதாவது இல்லாததைக் காணவைப்பதற்கு, உரியது. இந்த மருந்துகளின் வரலாற்றில் பெயர்ச் சண்டையே பாதிக் கதை. 1950களின் மருத்துவக் கட்டுரைகளில் 'சைக்கோடோமிமெடிக்' என்பார்கள், அதாவது மனநோயின் சாயலை உண்டாக்குவது. அது ஒருதலையான பெயர் என்று கருதிய மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட், 1956இல் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியோடு கடிதம் வழியே வேறு சொல் தேடினார். ஹக்ஸ்லி 'ஃபனெரோதைம்' என்றார். ஆஸ்மண்டின் 'சைக்கடெலிக்' நிலைத்தது. (சொல் தேடி அலைவதில் அவர்களும் நம்மைப் போலத்தான்!) கிரேக்கத்தில் 'சைக்கீ' உளம், 'டெலோஸ்' வெளிப்படத் தெரிவது.

ஆகவே என் முன்மொழிவு: உளங்காட்டி.

'உளமலர்த்தி' காதுக்கு இனிக்கிறது, ஆனால் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறது. 'உளந்துலக்கி' மூலத்துக்கு நெருக்கம்தான். என்ன செய்ய, பாத்திரம் துலக்குவதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. 'காட்டி' என்றால் கருவியாகிவிடுமே என்று சென்ற மடலில் கேட்டிருந்தீர்கள். திசைகாட்டி கருவி, நாள்காட்டி தாள், வழிகாட்டி ஆள். மருந்து மட்டும் ஏன் ஆகாது?

ஆவணம் எதைப் பற்றியது என்று நாம் எழுதும் பொருள்தலைப்பில்தான் இந்தச் சொல். ஆவணத்தின் சொந்தத் தலைப்பில் பழைய பெயர் இருந்தால் கைவைக்கக் கூடாது. யார் எப்போது எதை நோயென்று நினைத்தார்கள் என்பதற்கு அதுதானே சான்று. 1960களின் சான்பிரான்சிஸ்கோ இசைநிகழ்ச்சிச் சுவரொட்டிகளுக்கும் இது வேண்டாம். எழுத்துகள் மெழுகாய் உருகி, வளைந்து, படிக்கவே கண் வலிக்கும் அந்தப் பாணியைச் 'சைக்கடெலிக்' என்றே ஒலிபெயர்த்து விடலாம்.

இன்னொன்று. எல்எஸ்டி தோய்க்கப் பயன்பட்ட, படம் அச்சிட்ட, தபால்தலைபோல் துளைவரிசை கொண்ட தாளைப் பட்டியலில் 'காகிதத் துண்டு' என்று எழுதியிருக்கிறோம். மையை ஒற்றியெடுக்கும் தாளுக்கு 'ஒற்றுத்தாள்' என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது இது எதற்கு?

இதே மருந்துகளுக்கு வைத்த இன்னொரு பெயரான 'என்தியோஜென்' (உள்ளே தெய்வத்தைத் தோற்றுவிப்பது) பாக்கி. அதில் தெய்வத்தை உள்ளே இழுக்க வேண்டிவரும். தனி இழையில் வைத்துக்கொள்வோம்.