ஏழு வயது மகளுக்கும் ஐந்து வயது மகனுக்கும் உரக்க வாசிக்க எந்தச் சாகச நாவல் பொருந்தும்?

கேள்வி: ஒரு தாய், ஜெலுத்தோங், பினாங்கு

அனைவருக்கும் வணக்கம். என் மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். தம்பிக்கு ஐந்து வயது. இரவு உணவுக்குப் பின் இருவருக்கும் அரை மணி நேரம் வாசித்துக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். குட்டிக் கதைகள் அவர்களுக்கு அலுத்துவிட்டதால், சென்ற மாதம் ராபின்சன் குரூசோவின் தமிழாக்கம் ஒன்றைத் தொடங்கினேன். கப்பல் உடைவதற்கு முன்பே மகன் உறங்கிவிட்டான். நரமாமிசம் உண்பவர்கள் தீவுக்கு வரும் இடத்தில் மகள் என் கையை இறுகப் பற்றிக்கொண்டு, "போதும் அம்மா" என்றாள். அவர்கள் வயதுக்கு ஏற்றதாகவும், அடுத்த இரவுக்காக ஏங்க வைப்பதாகவும் இருக்கும் நாவலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஓய்வு பெற்ற ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்

வணக்கம் அம்மா. குறை உங்கள் பிள்ளைகளிடம் இல்லை. 1719இல் வெளிவந்த அந்த நாவல் பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. கதைநாயகன் தன் மனத்தோடு பேசும் பக்கங்கள் அதில் ஏராளம். கண்ணால் படிக்கும்போது நாம் தாண்டிச் செல்லும் அப்பக்கங்களைக் காதால் கேட்கும் பிள்ளை தாண்ட முடியாது.

ஆகவே, வாய்விட்டு வாசிப்பதற்கென்றே பிறந்த கதையைத் தேடுங்கள். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881இல் ஸ்காட்லாந்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த நாள்களில், தம் மனைவியின் மகனோடு சேர்ந்து வரைந்த ஒரு தீவின் படத்திலிருந்துதான் புதையல் தீவு என்னும் நாவல் முளைத்தது. எழுதிய அத்தியாயத்தை அன்றன்றே வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார். 34 அத்தியாயங்களில் பெரும்பாலானவை ஒரே அமர்வில் முடிந்துவிடும். சிறுவன் ஜிம் ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒடுங்கியபடி கொள்ளையரின் சதியைக் கேட்கும் இடத்தை நான் வகுப்பில் குரலைத் தாழ்த்தி வாசித்தபோது, கடைசி வரிசைப் பிள்ளைகள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். ஆயினும் குருட்டுப் பிச்சைக்காரன் கைத்தடியைத் தட்டிக்கொண்டு வரும் இடமும், பின்னால் வரும் கொலைகளும் ஐந்து வயதுக்கு மிகையானவை. அதை ஓரிரு ஆண்டுகள் தள்ளி வையுங்கள்.

எந்த நூலானாலும் முந்தைய இரவே ஓர் அத்தியாயத்தை நீங்கள் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். உங்கள் நாக்கு தடுக்கும் வாக்கியத்தில் பிள்ளையின் கவனமும் தடுக்கும். அரை மணி நேரம் சின்னவனுக்கு நீளம். பதினைந்து நிமிடம் போதும்.

பதில்: ஒரு தந்தை, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

எங்கள் வீட்டில் வெற்றி பெற்றது ஜூல் வெர்னின் எண்பது நாள்களில் உலகப் பயணம். 1872இல் நாளிதழில் தொடராக வந்த கதையாதலால், நாள் கணக்கும் பரபரப்பும் அத்தியாயந்தோறும் கூடுகின்றன. கல்கத்தாவில் புறப்படும் கப்பல் மலாக்கா நீரிணையைக் கடந்து சிங்கப்பூரில் நிலக்கரி ஏற்றுகிறது. சுவரில் ஒட்டிய உலகப் படத்தில் அந்த வழியை நூலால் இழுத்தபோது, "நம் வீட்டுப் பக்கமாகப் போகிறார்களே!" என்று என் மகன் துள்ளினான். அங்கே கதைநாயகனின் பணியாள் வாங்கி வரும் பழம் வெளியே கரும்பழுப்பு, உள்ளே செந்நிறம், அதற்குள் வாயில் கரையும் வெண்சதை என்று வர்ணிக்கப்படுகிறது. நான் பெயரைச் சொல்வதற்குள் இருவரும் "மங்குஸ்தான்!" என்று கத்தினார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கைம்பெண்ணை உடன்கட்டை ஏற்றும் காட்சி அதில் உண்டு. அந்த இடத்தைச் சுருக்கி, அவளைக் காப்பாற்றுவதை மட்டும் விரிவாகச் சொன்னேன். இந்தியர்களை வெளிநாட்டார் அன்று பார்த்த பார்வையைப் பற்றி மூத்தவளிடம் தனியே பேசினேன்.

பதில்: ஒரு வாசகர், பட்டர்வொர்த்

தமிழிலேயே எழுதப்பட்டதையும் மறந்துவிட வேண்டாம். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது. ஐந்து பாகங்களையும் இப்போதே வாசிப்பது இயலாது. ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் தொடக்கத்தை மட்டும் வாசியுங்கள். அந்நாவலில் வரும் இளவரசர் அருள்மொழிவர்மரின் (பின்னாளில் இராஜராஜ சோழன்) மகன் இராஜேந்திரன், இன்றைய கெடாவான கடாரத்தின் மீது படையெடுத்த கதையைச் சொல்லிவிட்டு, பழங்காலக் கோயில் எச்சங்கள் உள்ள கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக்கும் அழைத்துச் செல்லலாம்.

கேட்டவர்: ஜெலுத்தோங்

மூவருக்கும் மிக்க நன்றி. வெர்னை முதலில் எடுக்கிறேன். புதையல் தீவு மகனுக்கு ஏழு வயது ஆகும்வரை அலமாரியில் இருக்கட்டும். இன்று மாலையே உலகப் படம் வாங்கி, மகன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டிவிடுகிறேன்.