குடும்பக் குழுவில் ஒரு பம்ப் பஞ்சாயத்து

*ஞாயிறு இரவு*

கவிதா: எல்லோரும் தூங்கிவிட்டீர்களா? பேஸ்மென்ட் குழியில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்பின் பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. இப்போதுதான் அடங்கியது.

பிரபு: கரண்ட் இருக்கிறதா?

கவிதா: சாயங்காலம் போனது, பத்து நிமிடம் முன்புதான் வந்தது. பெரிய மோட்டார் ஓடுகிறது, தண்ணீரும் இறங்குகிறது. ஆனால் கரண்ட் இல்லாதபோது அதற்குப் பதிலாக ஓட வேண்டிய பேட்டரி பம்ப் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுப் படுத்துவிட்டது. குழி விளிம்பு வரை தண்ணீர் வந்துவிட்டது.

அம்மா: ஐயோ, கீழே இருந்த ஆல்பம் பெட்டி?

கவிதா: அது மேல் தட்டில்தான் இருக்கிறது அம்மா.

சித்தப்பா: தரையில் தண்ணீர் நின்றால் கரண்டை அணைக்காமல் காலை வைக்காதே. பெட்டியில் என்ன விளக்கு எரிகிறது?

கவிதா: [படம்] பச்சை சித்தப்பா.

பிரபு: பச்சை என்றால் சார்ஜ் ஏறிவிட்டது. போய்த் தூங்கு.

சித்தப்பா: நீ சும்மா இருடா பிரபு. காலியான பேட்டரி பத்து நிமிடத்தில் எப்படி நிறையும்? மணிக்கணக்கில் ஆகும். குடம் சுருங்கிச் செம்பாகிவிட்டால் சீக்கிரம் காலியாகும், சீக்கிரம் நிறையவும் செய்யும். எனக்கு அந்தப் பச்சை விளக்கு மேல்தான் சந்தேகம்.

அம்மா: தம்பி, ராத்திரி திரும்பவும் கரண்ட் போனால்?

சித்தப்பா: போனால் வாளிதான் அண்ணி. கவிதா, மழை விட்ட பிறகு சார்ஜர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சில மணி நேரம் அப்படியே விடு. அப்புறம் மீட்டர் வைத்துப் பார். சார்ஜர் மாட்டியிருக்கும்போது அளந்தால் 13.5க்கு மேல் காட்டும், அது சார்ஜர் காட்டும் எண், பேட்டரியுடையது அல்ல.

*திங்கள்*

கவிதா: 12.5 வோல்ட்.

பிரபு: பார்த்தீர்களா! நன்றாகத்தான் இருக்கிறது.

சித்தப்பா: சும்மா இருக்கும் பேட்டரிக்கு 12.6, 12.7 இருந்தால் முழு சார்ஜ். 12.2 பாதி. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. 12.5 மோசமில்லை. ஆனால் வேலை கொடுத்துப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். பெரிய மோட்டாரின் பிரேக்கரை அணை. குழியில் தண்ணீர் இருக்கட்டும், வெறுமனே ஓடினால் பம்புக்குக் கேடு. பேட்டரி பம்பின் மிதவையை, தண்ணீர் ஏறினால் உயர்ந்து பம்பைப் போடுமே அதை, கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்.

கவிதா: தூக்கியதும் 11.3, அப்புறம் மளமளவென்று இறங்கி 9.8. பம்ப் முக்கி முனகுகிறது.

சித்தப்பா: அவ்வளவுதான். 10.5க்குக் கீழே இப்படி விழுந்தால் பேட்டரி போய்விட்டது. உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட். அதில் ஒன்று காலை வாரியிருக்கும். மூடி திறக்கும் வகைதானே? டார்ச் அடித்துப் பார். தீக்குச்சி, லைட்டர் எதுவும் பக்கத்தில் வேண்டாம், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்.

கவிதா: [படம்] இரண்டு செல்லில் தகடு வெளியே தெரிகிறது. வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

சித்தப்பா: சல்பேட். சார்ஜர் வருடம் முழுக்க மெல்ல ஏற்றிக்கொண்டே இருப்பதால் தண்ணீர் குறைந்துகொண்டே வரும். தகடு மூழ்கியிருக்கும்படி டிஸ்டில்டு வாட்டர் விட்டுக்கொண்டே வந்தால்தான் ஆயுள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, அதிலிருக்கும் உப்பு தகட்டைத் தின்றுவிடும். இப்போது ஊற்றினாலும் இந்த இரண்டு செல்லை நம்ப முடியாது. எப்போது வாங்கினீர்கள்?

கவிதா: வீட்டுக்கு வந்தபோதே இருந்தது. மேலே தேதி எதுவும் இல்லை.

பிரபு: என் பழைய கார் பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறது. கொண்டு வரவா?

சித்தப்பா: வேண்டாம். கார் பேட்டரி ஒரு நொடி பலமாகத் தள்ளிவிட்டு ஓய்வெடுப்பதற்குச் செய்தது, தகடு மெல்லியது. முழுக்க இறங்கி ஏறினால் சில தடவையிலேயே செத்துவிடும். இதற்கு முழுக்க இறங்கி ஏறினாலும் தாங்கும் டீப் சைக்கிள் பேட்டரி வேண்டும்.

பிரபு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: படித்துவிட்டேன் பிரபு 😄

கவிதா: எத்தனை ஆம்பியர்-அவர் (Ah) கொள்ளளவு பேட்டரி வாங்க வேண்டும் சித்தப்பா?

சித்தப்பா: பெட்டியின் புத்தகத்தில் உள்ள அளவை மீறாதே, சார்ஜர் அதற்குத்தான் கணக்கு. 75 ஆம்பியர்-அவர் பேட்டரி, பம்ப் 12 ஆம்பியர் இழுக்கிறது என்று வை. ஏட்டுக்கணக்கில் 6 மணி நேரம், நிஜத்தில் குறைவுதான். ஆனால் பம்ப் விட்டு விட்டுத்தானே ஓடும், அதனால் இரவு கழிந்துவிடும். மாற்றும்போது வளையலைக் கழற்றிவிடு, இரண்டு முனையிலும் பட்டால் கையே வெந்துபோகும். கழற்றும்போது முதலில் கறுப்பு ஒயர், மாட்டும்போது கறுப்பு கடைசியில்.

அம்மா: அவளே செய்ய வேண்டுமா தம்பி? யாரையாவது கூப்பிடலாமே.

கவிதா: அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்.

*புதன்*

கவிதா: புதியது மாட்டியாயிற்று. ஒயர் முனையில் பச்சையாகப் பூத்திருந்ததைச் சமையல் சோடா கரைத்துத் தேய்த்துவிட்டேன், செல்லுக்குள் சொட்டாமல். மேலே வாசலினும் தடவினேன். தேதியும் மார்க்கரில் எழுதிவிட்டேன்.

சித்தப்பா: சபாஷ். குழியில் வாளி வாளியாக ஊற்றிப் பார்.

கவிதா: ஊற்றினேன். பம்ப் ஜம்மென்று ஓடுகிறது, வோல்ட்டும் 12 பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை!

பிரபு: அடடா. பம்ப் போச்சா?

சித்தப்பா: அவசரப்படாதே. உடனே நிறுத்து. அடியில் வலையில் கல், பிளாஸ்டிக் ஏதாவது அடைத்திருக்கிறதா?

கவிதா: இல்லை, சுத்தமாக இருக்கிறது.

சித்தப்பா: அப்படியானால் காற்று அடைப்பு. பம்புக்கும், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் நடுவே குழாயில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு பொட்டுத் துளை இருக்கும், தேடு. அது அடைந்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறாது. வால்வுக்கு மேலே நிற்கும் தண்ணீரை அந்தக் காற்றால் தள்ளித் திறக்கவும் முடியாது. பம்ப் வெட்டியாகச் சுற்றும்.

கவிதா: இருக்கிறது! சேறு காய்ந்து மூடியிருந்தது, கம்பியால் குத்திவிட்டேன். இப்போது ஓடினால் அதிலிருந்து என் முகத்தில் பீய்ச்சுகிறது.

சித்தப்பா: பீய்ச்சத்தான் வேண்டும். சாய்வாகக் குழிக்குள்ளேயே விழுந்தால் போதும். யாராவது அக்கறையாக டேப் சுற்றிவிடப் போகிறார்கள், விடாதே. தண்ணீர்?

கவிதா: சர்ரென்று இறங்கிவிட்டது 🙏

சித்தப்பா: மிதவை இரண்டும் உரசிக்கொள்ளாமல் இருக்கிறதா? பேட்டரி பம்பின் மிதவை பெரியதைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் இருக்கும்போதே இது முந்திக்கொண்டு ஓடி பேட்டரியைத் தின்னும்.

கவிதா: ஒரு சாண் மேலே இருக்கிறது.

பிரபு: சித்தப்பா, எங்கள் வீட்டில் மூடி இல்லாத சீல்டு பேட்டரி. அதற்கு?

சித்தப்பா: தண்ணீர் வேலை மிச்சம். திறக்க முயலாதே. சோதனை மட்டும் அதேதான், மாதம் ஒருமுறை மிதவையைத் தூக்கிப் பார்.

பிரபு: இதோ பார்த்துவிட்டேன். சும்மா இருக்கும்போது 12.8, ஓடும்போது 12.2. உங்கள் மருமகள் சாட்சி.

சித்தப்பா: நன்று. பெரிய மோட்டாரின் பிரேக்கரைத் திரும்பப் போட்டாயா?

பிரபு: இதோ வருகிறேன்.