இன்னொரு மணி

பெரியம்மா: நேத்து ராத்திரியும் அதே கதை. போனைப் பாத்து சிரிச்சேன். "என்னப் பாத்துதானே சிரிக்கிற"ன்னு பையன் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிட்டான்.

மாமா: டாக்டர் மனச்சிதைவுன்னு சொல்லி ஆறு மாசமாச்சேக்கா. ஒரு ஸ்கேன் எடுத்தா எங்க கோளாறுன்னு தெரிஞ்சிடாதா?

நித்யா: தெரியாது மாமா. கட்டி கிட்டி இல்லன்னு பாக்க ஸ்கேன் உதவும். இது மனச்சிதைவுதான்னு அதை வச்சு சொல்ல முடியாது.

நித்யா: மூளையில காதுக்கு மேல, கொஞ்சம் பின்னாடி ஒரு பகுதி இருக்கு. அடுத்தவங்க மனசுல என்ன ஓடுதுன்னு யோசிக்கிறப்ப அதுவும் நெத்திக்குப் பின்னாடி நடுப்பகுதியும் சேந்து வேலை செய்யும். இந்த நோய்ல அந்தக் கூட்டு தடுமாறுது. போதாததுக்கு டோபமைன்னு மூளையில இருக்கற ரசாயனமும் எகிறி, சும்மா கேட்ட சிரிப்புகூட தனக்குன்னே வந்த மாதிரி தோணும்.

பெரியம்மா: தோணட்டும்டி. இல்லன்னு சத்தியம் பண்றேனே, நம்பலாம்ல?

நித்யா: 1988ல ஒரு சோதனை பண்ணாங்க. ரெண்டு ஜாடி. ஒண்ணுல ஒரு நிற மணி 85, வேற நிறம் 15. இன்னொண்ணுல அப்படியே தலைகீழ். ஜாடியை மறைச்சு ஒவ்வொரு மணியா எடுத்துக் காட்டுவாங்க. எந்த ஜாடின்னு உறுதியானதும் சொல்லணும். பொய்யான நம்பிக்கை பிடிச்சு ஆட்டுறவங்கள்ல நிறைய பேர் ஒண்ணு ரெண்டு மணியிலயே முடிவு சொல்லிட்டாங்க. மத்தவங்க இன்னும் எடுங்கன்னு கேட்டாங்க. இவனும் அப்படித்தான், ஒரு சிரிப்பு கேட்டதுமே முடிவு பண்ணிடறான்.

மாமா: அப்ப புத்தி மட்டுன்னா?

நித்யா: செஸ்ல உங்களை எத்தனை தடவை தோக்கடிச்சான் மாமா? 🙂

மாமா: அதை விடு. மாத்திரை?

நித்யா: டோபமைனை அடக்கும், சந்தேகம் தணியும். நிறுத்தக் கூடாது. ஆனா முகம் பாத்துப் புரிஞ்சுக்கறதுக்கு அது பெரிசா உதவாது. அதுக்குன்னு தனிப் பயிற்சி இருக்கு, அடுத்த தடவை டாக்டர்கிட்ட கேளுங்க.

பெரியம்மா: நேத்து நான் கத்திட்டேன்.

நித்யா: வாதாடவும் வேணாம், ஆமாம் போடவும் வேணாம் பெரியம்மா. "கஷ்டமா இருந்துச்சாடா"ன்னு கேட்டுட்டு போனை அவன் கையிலயே குடுங்க. உடனே நம்பிடுவான்னு சொல்ல வரல. இன்னொரு மணி எடுத்துக் காட்டுற மாதிரி, அவ்ளோதான்.

பெரியம்மா: பூனை கண்ணாடியில தன்னையே பாத்து பயந்து ஓடுதே, அந்த வீடியோ.

மாமா: எனக்கும் அனுப்புக்கா.

பெரியம்மா: அவன் எழுந்துட்டான். முதல்ல அவனுக்குக் காட்டிட்டு வரேன்.