தட்டைக் கோப்பா, பரம்புக் கோப்பா?

செங்கோட்டையிலிருந்து:
வணக்கம். சனிக்கிழமை பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு வகுப்பு. கட்டளை வரியில் (கட்டளையைத் தட்டச்சு செய்யும் திரையில்) ஓடும் சின்னக் கருவி ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறேன்: சிஎஸ்வி கோப்பை, அதாவது காற்புள்ளியால் புலங்கள் பிரிந்த உரைக்கோப்பைக் கொடுத்தால், ஒவ்வொரு வரியையும் ஜேசான் என்ற தரவு வடிவமாக்கி, நிரல்கள் பேசிக்கொள்ளும் வலை ஏபிஐக்கு அனுப்பும். கையேட்டில் 'ஃபிளாட் ஃபைல்' (சிஎஸ்வி போல உள்ளடுக்கு இல்லாத கோப்பு) மட்டும் தமிழாகவில்லை. இப்போதைக்குத் 'தட்டைக் கோப்பு' என்று போட்டிருக்கிறேன். வியாழனுக்குள் அச்சுக்குப் போகணும்.

கம்பத்திலிருந்து:
டீச்சர், தட்டை என்றால் எங்கள் பக்கம் மாட்டுக்குப் போடும் சோளத்தட்டை. குறிஞ்சிப்பாட்டிலோ தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கருவி. வரி வரியாக இருப்பதால் 'வரிக்கோப்பு' எனலாமே?

செங்கோட்டை:
வருமான வரிக் கோப்பு என்று படிப்பார்கள் ஐயா. வேண்டாம்.

களியக்காவிளையிலிருந்து:
நாற்று நடுமுன் வயலில் பரம்படிப்போம். மாடு இழுக்க, பலகைமேல் ஆள் ஏறி நிற்க, மேடும் குழியும் ஒரே மட்டமாகும். ஜேசானில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கு உண்டு. சிஎஸ்வியில் அடுக்கே கிடையாது. ஆகவே 'பரம்புக் கோப்பு'. பரப்பு, பரவு, பரம்பு எல்லாம் ஒரே வேர். மலையாளத்திலும் 'பரந்ந' என்றால் தட்டையானது. எல்லைக்கு இரு பக்கமும் புரியும்.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து:
இந்தப் பக்கம் புரியாது அண்ணாச்சி. எங்கள் பிள்ளைகளுக்குப் பறம்பு என்றால் வீட்டைச் சுற்றித் தென்னையும் பலாவும் நிற்கிற நிலம். நீங்கள் இடையின ரகரம் போட்டாலும் காதில் வல்லினம்தான் விழும். தமிழ் இலக்கியம் படித்தவருக்கோ பறம்பு பாரியின் மலை. மட்டமான கோப்புக்கு மலையின் பெயர் ஆகுமா?

களியக்காவிளை:
எங்கள் ஊரும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. பரம்பும் பறம்பும் இரண்டும் எங்கள் வாயில் உண்டு, குழம்பியதில்லை. ர, ற வேறுபாட்டைப் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள் என்பதற்காக நாமும் விடுவதா? உழவன் வாயில் வாழும் சொல் இது.

செங்கோட்டை:
சொல் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் நேற்று நடந்ததைக் கேளுங்கள். பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறிப் பட்டியல் ஒன்றைப் பயிற்சிக்குக் கொடுத்து, முதலில் கர்லில் (கட்டளை வரியிலிருந்து வலைக்குத் தரவு அனுப்பும் கருவி) கையால் அனுப்பச் சொன்னேன். ஒரு பையன் 'டேட்டா' என்ற விருப்பத்தேர்வில் கோப்பைக் கொடுத்தான். அது வரி முறிவுகளை நீக்கிவிடும். நாற்பது வரியும் ஒட்டிக்கொண்டு போய், சர்வர் 400, அதாவது கோரிக்கை தவறு, என்று திருப்பியது. 'டேட்டா-பைனரி' என்று மாற்றியதும் சரியாகப் போனது. இன்னொருத்தி 'சேனை, பெரியது' என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதிவிட்டாள். விலை இருக்க வேண்டிய இடத்தில் மூட்டை எண்ணிக்கை வந்து உட்கார்ந்தது. காற்புள்ளி உள்ள புலத்தை இரட்டை மேற்கோளுக்குள் வை என்று 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற இணைய ஆவணம் சொல்வது இதனால்தான். வரி முறிவும் காற்புள்ளியும் போனால் இந்தக் கோப்பில் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை. நாம் தேர்ந்தெடுக்கும் சொல் அதைக் காட்டணும். 'தட்டை' என்றதும் அந்தப் பெண் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பரம்பு என்றால் முதலில் பரம்பை விளக்கணும்; பாதிப் பேர் வயலில் இறங்கியதே இல்லை.

கம்பம்:
'நிரல்' கணக்கு வகுப்பில் ஒரு பொருள், கணினி வகுப்பில் இன்னொரு பொருள். பிள்ளைகள் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள். தட்டையும் அப்படியே இருக்கட்டும். 'தட்டைக்' என்பதில் வரும் 'க்' என்ற ஒற்றெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சித்தூர்:
எனக்கும் தட்டையே சரி.

களியக்காவிளை:
அச்சுக்குப் போகட்டும் டீச்சர். எனக்கு உடன்பாடில்லை, என் வகுப்பில் பரம்புக் கோப்பு என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டுப் பரம்பைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.