படையலுக்கு ஒரு படம்

மெக்ஸிகோவின் வஹாக்கா நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் ட்லாகோலுலா. ஞாயிறுதோறும் சந்தை. சுற்றுவட்டார ஊர்களின் சாபோடெக் பழங்குடிப் பெண்கள் பூப்போட்ட ஏப்ரனும் ரிப்பன் வைத்துப் பின்னிய சடையுமாக வந்து கடை விரிப்பார்கள். கேமரா பிடித்தவன் கை அங்கே சும்மா இருக்காது.

பூண்டும் எலுமிச்சையும் சேர்த்து வறுத்த வெட்டுக்கிளிகளைக் கூடையில் குவித்து வைத்திருந்தார் ஒரு பாட்டி. கேட்காமல் லென்ஸைத் திருப்பினேன். சட்டென்று ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். அசடு வழிய நூறு கிராம் வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

அடுத்த வாரம் அக்டோபரின் கடைசி ஞாயிறு. சந்தையெங்கும் செம்பசூச்சில் பூ. நம்மூரில் செண்டுப்பூ என்று மாலை கட்டுகிறோமே, அதுதான், பூர்வீகம் மெக்ஸிகோ. நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போவார்கள் என்று படையல் வைக்கிறார்கள்: ரொட்டி, உப்பு, தண்ணீர், இந்தப் பூ, கூடவே போனவரின் படம்.

அன்று பாட்டியே என்னைக் கூப்பிட்டார். என் அரைகுறை ஸ்பானிஷுக்குப் புரிந்தது இவ்வளவு: அக்காவுக்கு வைக்க நல்ல படம் இல்லாமல், வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கி வைத்தார்களாம். "திருடி மாதிரி இருக்கிறாள். எனக்கு அந்தக் கதி வேண்டாம்."

ஏப்ரனைக் கழற்றினார். சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டார். கூடை தெரியக் கூடாது என்றார். எனக்கோ கூடைதான் வேண்டும். சிரிக்கச் சொன்னேன். "செத்தவள் எதற்குச் சிரிக்க வேண்டும்?" என்று அதட்டினார். அதட்டிய வேகத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த நொடி எனக்குக் கிடைக்கவில்லை, பொத்தானை அழுத்துவதற்குள் முகம் இறுகிவிட்டது.

அச்செடுத்து அடுத்த ஞாயிறு கொடுத்தேன். எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, "மூக்கு பெரிதாக இருக்கிறது" என்றார். வெட்டுக்கிளிக்கு மட்டும் அன்று காசு வாங்கவில்லை.

*

இன்னோர் ஊரில் எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. சியாபாஸ் மாநிலத்தில் சான் ஹுவான் சாமுலா தேவாலயத்துக்குள் படமெடுக்கவே தடை. உள்ளே பெஞ்சுகள் கிடையாது. தரையெங்கும் பைன் இலை, மெழுகுவர்த்தி வரிசைகள், சோட்சில் மொழியில் முணுமுணுப்பு, வழிபாட்டுப் பொருளாகக் கோலா பாட்டில்கள். என் கேமரா பைக்குள்தான் கிடந்தது. ஆனாலும் கம்பளி அங்கி போட்ட ஒருவர் பையின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் வாசல்வரை கூடவே வந்தார். எனக்கு அவரைத்தான் எடுக்க வேண்டும்போல் இருந்தது. அதற்கும் அனுமதி இல்லையாம்.